பதினைந்து பிரேம்

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மறைத்து வைத்துப் படிப்பவரைத் தவிக்க விடுகிற புத்தி எனக்குக் கிடையாது. அந்த ஒரு வாரம் நான் தவித்ததே போதும். இப்போதும் அதை நினைத்தால் முதலில் ஒரு பெருமூச்சு, அப்புறம்தான் பேச்சு வருகிறது.

கதை என் நாத்தனாரைப் பற்றியது. என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டு மாடியில்தான் அவளும் அவள் கணவரும் குடியிருக்கிறார்கள். வேலையும் எங்கள் இருவருக்கும் ஒரே இடம். பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோ, மொத்தம் ஐந்து பேர். பள்ளிக்கூடங்களுக்குப் பாடப்படம், பல் தேய்க்கும் முறை, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது, இப்படிப் படங்கள் செய்வோம். அவள் படத்தை அசைப்பாள், நான் அதற்குச் சத்தம் போடுவேன். வீட்டிலும் அண்ணிதான் சத்தம் போடுவார் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆபீசில் அவளுக்குத் தொப்பக்கா என்று பெயர். ஆள் துடைப்பக்குச்சி மாதிரி இருப்பாள், தொப்பைக்கும் அவளுக்கும் எட்டாத தூரம். எங்கள் படங்களில் எது விழுந்தாலும், சரிந்தாலும், கொட்டினாலும், கவிழ்ந்தாலும் அது இவள் கை வேலை. "தொப்" என்று விழவேண்டியதையெல்லாம் இவளிடமே தள்ளிவிட்டார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வயதில் வண்ணம் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். ஒருநாள் யாரோ லீவு போட, ஒரு புத்தகப்பையை மேசையிலிருந்து விழவைத்தாள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடமாக விழவைத்துக்கொண்டே இருக்கிறாள்.

வீட்டில் இவளோடு குப்பை கொட்டுவது லேசு இல்லை. புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் முதலில் ஒரு தடவை கீழே போட்டுப் பார்ப்பாள். ஈரத்துண்டை மாடிப்படியிலிருந்து விடுவாள், பிறகு காய்ந்த துண்டை விடுவாள். இவள் கணவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று கை தவறிச் சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார். "இன்னொரு தடவை போடுங்களேன்" என்று இவள் கேட்டாள். மனுஷர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் போட்டார். இவளுக்கு ஏற்ற ஆள் கிடைத்துவிட்டான் என்று அன்றைக்கே என் கணவர் முடிவு கட்டிவிட்டார்.

அவளுடைய தொழில் ரகசியம் ஒன்று உண்டு. அதற்கு அவள் வைத்த பெயர் மூச்சு. ஒரு நொடிப் படம் என்பது இருபத்துநாலு பிரேம், அதாவது இருபத்துநாலு தனித்தனிப் படங்கள். ஒரு பொருள் விழப்போகிறது என்றால், விழுவதற்கு முன் அது அந்தரத்தில் ஐந்தாறு பிரேம் சும்மா நிற்கும்படி செய்வாள். பிறகு மெதுவாகக் கிளப்பி, கடைசியில் வேகமாகப் போட்டு உடைப்பாள். "மூச்சு விடாம விழுந்தா எவன் கண்ணுக்கும் தெரியாது அண்ணி. பாக்கிறவன் ஐயோன்னு நினைக்க நேரம் குடுக்கணும்" என்பாள். அது உண்மைதான். மூச்சு இல்லாமல் விழுந்த பொருளைப் பார்த்திருக்கிறேன், உப்புச் சப்பே இருக்காது.

நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளை ஒரு சின்ன நிறுவனம் செய்கிறது. அவர்கள் பழைய வாடிக்கையாளர்களிடமெல்லாம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள்: அடுத்த பதிப்பில் பிசிக்ஸ் சிமுலேஷன் சேர்க்கலாமா, வேண்டாமா? பொருளின் எடை, உயரம், கீழே தரை என்ன என்றெல்லாம் சொல்லிவிட்டால், அது எப்படி விழும் என்று மென்பொருளே கணக்குப் போட்டு விழவைத்துக் காட்டும். கூடவே ஒரு சோதனைப் பதிப்பையும் அனுப்பி வைத்திருந்தார்கள்.

இவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாள். என்னிடமும் படித்துக் காட்டினாள். "ஒரு குழந்தை கையிலேர்ந்து பந்து நழுவுது. உங்க கணக்குப்படி விட்டா பந்து விழும், அவ்வளவுதான். நான் விட்டா அந்தக் குழந்தைக்குப் பந்து போச்சு. அது வேற, இது வேற. எனக்கு வேண்டாம்" என்று முடித்திருந்தாள். நான் கையைத் தட்டினேன். மென்பொருள்காரர் இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை போனில் நேராகப் பேசலாம் என்று பதில் போட்டார். இவளும் சண்டைக்குத் தயாரானாள்.

இந்த நேரத்தில்தான் அந்தக் கிடங்குப் படம் வந்தது.

ஒரு பெரிய கிடங்கில் விபத்து. பாரம் தூக்கும் வண்டியை ஓட்டுபவர் இரும்பு அடுக்கின் மேல் தட்டில் ஒரு சுமையை வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் விளிம்போடு நின்றிருந்த டிரம் ஒன்று நழுவி, பத்தடி உயரத்திலிருந்து விழுந்தது. கீழே நின்ற தொழிலாளிக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. கேமரா வண்டியையும் கீழே நின்றவரையும் பிடித்திருக்கிறது, மேல் தட்டிலிருந்து டிரம் நழுவியதைப் பிடிக்கவில்லை. அதனால் அளவுகளை வைத்து அதை அனிமேஷனாகச் செய்து தரச்சொன்னார்கள். விசாரணைக் குழுவுக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். டிரம் நழுவுவதைப் பார்த்ததும் ஓட்டுநர் ஹார்ன் அடித்திருக்கலாமே, ஏன் அடிக்கவில்லை? பார்த்து, ஹார்ன் அடித்து, அதைக் கேட்டுக் கீழே நிற்பவர் நகர ஒன்றேகால் நொடி போதும் என்று கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி கணக்கு வைத்திருந்தார்.

இவள் படம் செய்து கொடுத்தாள். முதல் அமர்வில் போட்டுக் காட்டினார்கள், நானும் இவளும் முதலாளியும் போயிருந்தோம். நீளமான மேசை, நாலைந்து அதிகாரிகள், கடைசி நாற்காலியில் அந்த ஓட்டுநர். நாற்பது வயது இருக்கும், தொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். படம் ஓடியது. டிரம் ஆடியது, நின்றது, சரிந்தது, விழுந்தது. "இவ்வளவு நேரம் இருந்திருக்கே" என்று ஒரு அதிகாரி வாய்விட்டே சொன்னார். அதிகாரிகள் ஓட்டுநரைப் பார்த்தார்கள்.

அவர் மறுக்கவே இல்லை. "நேரம் இருந்திருக்கு சார். எனக்கு சட்டுனு நடந்த மாதிரிதான் ஞாபகம். ஆனா படத்துல இருக்கே. நான்தான் மரம் மாதிரி உக்காந்திருந்திருக்கேன்" என்றார். இறுதி முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை என்றார்கள். வேலை போய்விடும் என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வெளியே வந்ததும் நான் இவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப நல்லா விழுந்துச்சும்மா" என்றேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரி எங்களுக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினார். விபத்து நடந்த அந்த நிமிடத்தில் கிடங்கு எழுத்தர் ஒருவர் போனில் தன் மனைவிக்குச் செய்தி பேசிப் பதிந்துகொண்டிருந்தாராம். "சோப்பு மறந்துடாத, பெரிய..." என்று அவர் சொல்லும்போதே டிரம்மின் விளிம்பு இரும்புத் தட்டில் உரசி விலகும் கிரீச் கேட்கிறது, அப்புறம் டமால். இந்தச் சத்தத்தைப் படத்தோடு சேர்த்தால் இறுதி அமர்வில் எடுப்பாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

எனக்கு அது பத்து நிமிட வேலை. கிரீச்சை டிரம் தட்டைவிட்டு நழுவும் இடத்தில் வைத்தேன். டமால் வந்தபோது டிரம் இன்னும் பாதி வழியில் அந்தரத்தில் இருந்தது. டமாலைத் தரையில் வைத்தேன். கிரீச் வரும்போது டிரம் ஏற்கெனவே தட்டைவிட்டுக் கிளம்பியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். சத்தத்தில் பத்தொன்பது பிரேம், படத்தில் முப்பத்துநாலு.

"ஏம்மா, உன் டிரம் லேட்டா விழுது" என்று கத்தினேன்.

"உங்க சத்தம்தான் சீக்கிரம் வருது" என்று அடுத்த அறையிலிருந்து பதில் வந்தது.

"சத்தத்துக்கு என்னடி அவசரம்? நடந்ததைத்தானே பதிஞ்சிருக்கு!"

"போன்ல பதிஞ்சது அண்ணி. நடுவுல கொஞ்சம் முழுங்கியிருக்கும்."

பத்தொன்பது வருஷம் விழவைத்தவளிடம் போய் நீ தப்பாக விழவைத்தாய் என்றால் சும்மா விடுவாளா? அவள் அறைக்கே போய் நின்றேன், அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் கோபமும் மூக்குக்கு மேல்தான். கடைசியில் அவளே, "இருங்க, நீங்க நம்புற மாதிரியே நிரூபிக்கிறேன்" என்று சொல்லி, திறக்கவே மாட்டேன் என்று வைத்திருந்த அந்தச் சோதனைப் பதிப்பைத் திறந்தாள். தட்டு வைத்தாள், டிரம் வைத்தாள், எடை போட்டாள், உயரம் பத்து என்று போட்டாள். பொத்தானை அழுத்தினாள். டிரம் விழுந்தது.

முப்பத்துநாலு பிரேம்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா அண்ணி!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "என் கை கணக்கு போட்டே விழவச்சிருக்கு. எதுக்குடா எனக்கு உன் பிசிக்ஸ்!" என்று கம்ப்யூட்டரைத் திட்டினாள். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "அப்போ சத்தம்தான் தப்பு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போய்விட்டார். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பவர் அவர். நானும் வாயை மூடிக்கொண்டேன். கையும் சொல்கிறது, கணக்கும் சொல்கிறது, என் காது மட்டும் என்ன பெரிய காது?

ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் மதியம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது வாயோ ஐந்தாவது வாயோ, கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டேன்.

"ஏம்மா, இங்க வா. இந்தத் தட்டு என்ன மூணு மாடி உயரம் இருக்கு? டிரம் மருந்து மாத்திரை மாதிரி தெரியுதே?"

வந்து பார்த்தாள். உயரத்தைக் குறிக்கும் கட்டத்தில் பத்து என்று இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் மீட்டர் என்று இருந்தது. இவள் அடி என்று நினைத்துப் போட்டிருக்கிறாள். பத்தடி உயரத் தட்டை முப்பத்துமூன்றடிக்குத் தூக்கி, அங்கேயிருந்து டிரம்மைத் தள்ளியிருக்கிறோம். அந்தக் கணக்கு வந்து இவள் கையின் தப்போடு ஒட்டிக்கொண்டு நின்றதே, அதைத்தான் இன்றுவரை என்னால் நம்பமுடியவில்லை.

அடி என்று மாற்றி அழுத்தினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் டிரம் தரையில் கிடந்தது. எண்ணினோம். பத்தொன்பது. என் சத்தத்தை எடுத்து மேலே வைத்தேன். கிரீச், டமால். அச்சாகப் பொருந்தியது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. உடனே தன் படத்தைத் திறந்து ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிப் பார்த்தாள். "ஆறு பிரேம் மூச்சு. மிச்ச ஒன்பது மெதுவா கிளம்பறதுல போயிருக்கு. நான் வைக்கணும்னு நினைச்சுகூட வைக்கல அண்ணி. கை தானா வச்சிடுச்சு" என்றாள். பிறகு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அந்த ஆளு மரம் மாதிரி உக்காந்திருந்தேன்னு சொன்னாரே" என்று அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னோம். அவர் நாளைக்கு என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். கதையைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கே அவங்களுக்கு எழுதிடு. நம்ம படம் தப்புன்னு எழுது. பேரு கெட்டா கெடட்டும்" என்றார். அந்த மனிதரைப் பற்றி நான் இதுவரை சொன்ன கேலியில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். குழு பதில் அனுப்பியது: வெள்ளிக்கிழமை வந்து நேரில் விளக்கவும்.

நடுவில் வியாழக்கிழமை மென்பொருள்காரரின் போன் வந்தது. இவள் சத்தத்தை அறைக்கே கேட்கும்படி திறந்து வைத்தாள். அவர் தயங்கித் தயங்கி, "மேடம், நீங்க ரொம்ப எதிர்ப்பா எழுதியிருந்தீங்க" என்று ஆரம்பித்தார்.

"சேருங்க. கண்டிப்பா சேருங்க" என்றாள் இவள்.

அவர் நன்றி சொல்ல ஆரம்பிப்பதற்குள் இவளே தொடர்ந்தாள்.

"ஆனா என் கைக்கு பதிலா அது விழவைக்கற மாதிரி சேக்காதீங்க. நான் விழவைக்கிறதுக்குப் பின்னாடி, மங்கலா, கணக்குப்படி விழற பொருள் ஒண்ணு கூடவே விழட்டும். கதைப்படத்துல நான் மூச்சு வச்சுக்கறேன், அது என் இஷ்டம். ஆனா எவ்வளவு வைக்கறேன்னு எனக்கே தெரியணும். எனக்குத் தெரியாமலே நான் பொய் சொல்லிடக் கூடாது."

"நல்ல யோசனை மேடம். அப்போ கணக்கு இருந்தா தப்பே வராது, இல்லையா?"

"யாரு சொன்னா?" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "உங்க கணக்கே திங்கக்கிழமை எங்களை ஏமாத்திடுச்சு. அந்த மீட்டர், அடி எல்லாம் பொடி எழுத்துல எவன் வைக்கச் சொன்னான்? கொட்டை எழுத்துல வைங்க. பக்கத்துல ஒரு மனுஷ உருவத்தையும் நிக்க வைங்க, உயரம் தப்புன்னா பாத்த உடனே தெரியட்டும்." அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நீங்கள் யார் என்று கேட்டார். சத்தம் போடுகிறவள் என்றேன்.

வெள்ளிக்கிழமை அதே அறை, அதே மேசை. ஓட்டுநர் அதே கடைசி நாற்காலியில் இருந்தார். முகம் வாடிக் கறுத்துப்போயிருந்தது. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தொழிலாளியின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று பாதுகாப்பு அதிகாரி சொன்னார். இவள் எழுந்து நின்றாள்.

"நான் செஞ்ச படம் தப்பு. டிரம்மை அந்தரத்துல நிக்க வச்சது நான். நிஜத்துல அது நிக்கல. என் தொழில்ல அப்படி வைக்கிறது பழக்கம், அதை இங்க வச்சிருக்கக் கூடாது. தெரியாமத்தான் வச்சேன், ஆனா வச்சது நான்தான்."

ஒரு அதிகாரி முகம் சுளித்தார். "போன வாரம் ஒரு படம், இந்த வாரம் ஒரு படமா? எதைம்மா நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம் சார். சத்தத்தைக் கேளுங்க" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் முதலில் வெறும் குரல் பதிவை மட்டும் ஓட்டினேன். சோப்பு மறந்துடாத, கிரீச், டமால். அடுத்து கணக்குப்படி விழும் டிரம்மை அந்தச் சத்தத்தோடு சேர்த்து ஓட்டினேன். ஒரு நொடிகூட முழுசாக ஆகவில்லை. பிறகு பழைய படத்தின் மேல் அதே சத்தத்தை வைத்து ஓட்டினேன். டமால் கேட்ட பிறகும் டிரம் தன் பாட்டுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. முகம் சுளித்த அதிகாரியே சிரித்துவிட்டார்.

பாதுகாப்பு அதிகாரி தன் தாளில் ஒன்றேகால் நொடி என்று எழுதியிருந்ததை அடித்தார். குழுத் தலைவர், "முக்கால் நொடி சொச்சத்துல ஹார்னும் அடிக்க முடியாது, நகரவும் முடியாது. ஹார்ன் விஷயத்தை விட்டுடுவோம். தட்டு விளிம்புல தடுப்புக் கம்பி ஏன் இல்லைங்கறதை எழுதுங்க" என்றார். திங்கட்கிழமையிலிருந்து ஓட்டுநர் வேலைக்கு வரலாம் என்றும் சொன்னார். என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. இவள் என் கையைப் பிடித்தாள், பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது.

ஆனால் ஓட்டுநர் வேலை என்ற பேச்சைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, அதை இன்னொரு தடவை போடுவீங்களா?" என்று என்னிடம் கேட்டார். போட்டேன். இன்னொரு தடவை கேட்டார். அதிகாரிகள் தாள்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் போட்டுக்கொண்டே இருந்தேன், ஆறேழு தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் டிரம் நழுவும்போது அவருடைய வலது கை ஹார்ன் இருக்கும் இடத்துக்கு நீண்டது. ஒவ்வொரு தடவையும் கை பாதி தூரம் போவதற்குள் டமால் கேட்டது.

"நான் அடிக்கத்தான் போனேன்" என்று மெதுவாகச் சொன்னார். "கை போச்சு. அந்தப் படத்தைப் பாத்ததுக்கு அப்புறம் என் கை போகவே இல்லைன்னு நானே நம்பிட்டேன்."

இவள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கவனிக்கவில்லை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனை எடுத்து, கதவைத் தாண்டும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏய், நான்தான். இல்ல, அதை விடு, வேலையெல்லாம் இருக்கு. இதைக் கேளு. எனக்கு நேரமே இல்லடி. ஆமா, நிஜமாத்தான், இப்பதான் பாத்தேன். எனக்கு நேரமே இல்ல!"